ஏழு மாத அரசரும் எங்கள் கட்டியக்காரரும்

ரௌதாவில் நாங்கள் யாரும் அரசரைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்கு அரசர் என்றால் அர்தூகாவின் குரல்தான். அவர் என் அக்கா அபாமாவின் கணவர், ஊரின் கட்டியக்காரர். ஆற்றோரம் இருக்கிற எங்கள் ஊருக்கும், மேலே மலைச்சரிவில் இருக்கிற ஆட்டுப்பட்டிகளுக்கும் அரண்மனைச் சேதி எதுவானாலும் அவர் வாய் வழியாகத்தான் வரும். குதிரைத் தூதன் அவர் வீட்டு முன்னால் வந்து இறங்குவான். இரண்டு பேரும் முற்றத்தில் எதிரெதிரே உட்காருவார்கள். தூதன் சொல்லச் சொல்ல அத்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வார். தூதன் தலையாட்டியதும் கொம்பை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சந்தைத் திடலுக்குப் போய், அங்கே இருக்கிற பாறைமேல் ஏறி நின்று கூவுவார்.

வாலிபத்தில் பெரிய அரசர் குருஷின் படையில் பாபிலோன் வரைக்கும் போனவர். அங்கே ஒரு கால் முட்டியில் அடிபட்டு, மடக்க முடியாத காலோடு திரும்பினார். குதிரை ஏற முடியாதவனுக்கு எங்கள் பக்கத்தில் என்ன மரியாதை இருக்கும்? ஆனால் அவருடைய குரல் அவருக்கு அதைச் சம்பாதித்துக் கொடுத்தது. இடி மாதிரியான குரல் என்று சொல்ல மாட்டேன். தெளிவான குரல். எதிர்க்கரையில் ஆடு மேய்க்கிறவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் போய்ச் சேரும். யாராவது கிட்டே வந்து, "அப்படின்னா என்னங்க அர்த்தம்?" என்று கேட்டால், "சொன்னது அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். தன் பங்குக்கு ஒரு சொல்லைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அவர் சொன்னால் அது உண்மை என்பது எங்களுக்கு ஆறு கீழ்நோக்கி ஓடுகிற மாதிரி.

அக்காவுக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் மித்ராகா. குருஷ் இறந்து, அவருடைய மூத்த மகன் கம்பூஜியா பட்டத்துக்கு வந்து, எகிப்தின் மேல் படையெடுத்தபோது, ஊர் ஊராக ஆள் கேட்டார்கள். எங்கள் ஊரில் யார் யார் போக வேண்டும் என்று அத்தான்தான் கூவினார். தன் மகன் பெயரை மற்றப் பெயர்களுக்கு நடுவில், அதே குரலில், நிறுத்தாமல் சொன்னார். மித்ராகா சிரித்துக்கொண்டே போனான். எகிப்து எங்கே இருக்கிறதென்றுகூட அவனுக்குத் தெரியாது. நாலைந்து பேர் எப்படியோ திரும்பி வந்தார்கள். மணலைப் பற்றிப் பேசினார்கள். மித்ராகாவை யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. அக்கா ரொம்ப நாளைக்கு அவனுடைய கம்பளித் தொப்பியைத் துவைத்துத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் நிறுத்தினாள்.

இளையவன் பகேனா. அவனை நான் தூக்கி வளர்த்தேன். குதிரை ஏற்றம் சுமார்தான், வில்லிலும் பெரிய கெட்டிக்காரன் இல்லை. ஆனால் பொய் மட்டும் அவன் வாயில் வராது. பக்கத்து வீட்டுப் பழத்தைத் திருடித் தின்றாலும் கேட்டவுடன், "ஆமா, நான்தான் தின்னேன். நல்லா இருந்துச்சு" என்பான். ஊர்க்காரர்கள், "கட்டியக்காரர் பிள்ளைன்னா வேற எப்படி இருப்பான்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவனுக்கு மீசை அரும்பி, அடுத்த ஆள்பிடிப்பில் அவன் முறை என்று தெரிந்த பிறகு, அக்கா சிரிப்பதை விட்டுவிட்டாள். பனி உருகி வழி திறந்தால் தூதன் வருவான். அந்த வருஷம் பனி உருகவே கூடாதென்று அவள் வேண்டிக்கொண்டது எனக்குத் தெரியும்.

பனி உருகியது. தூதனும் வந்தான். அக்கா முற்றத்துப் பக்கமே வராமல் ஆட்டுக்கொட்டிலில் போய் நின்றுகொண்டாள். அத்தான் சேதியைக் கேட்டு முடித்து வெளியே வந்தபோது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வழக்கமாக அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அவர் கொம்பை எடுக்க மறந்து, பாதி வழி போய்த் திரும்பி வந்தார்.

கம்பூஜியாவின் தம்பி, குருஷின் இளைய மகன் பர்தியா, அரசராகிவிட்டார். அரசருக்கு உட்பட்ட எல்லா நாடுகளுக்கும் மூன்று வருஷத்துக்கு வரி கிடையாது. மூன்று வருஷத்துக்குப் படைக்கு ஆள் கிடையாது.

அத்தான் கூவி முடித்த பிறகும் திடலில் ஒருவரும் அசையவில்லை. கம்பளி கத்தரிக்கிற கிழவி ஒருத்தி, "இன்னொரு தடவை சொல்லுப்பா, என் காது மந்தம்" என்றாள். அவள் காதில் ஒரு கோளாறும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அத்தான் இன்னொரு தடவை சொன்னார். பிறகு யாரும் கேட்காமலே மூன்றாவது தடவையும் சொன்னார். அவர் வாழ்க்கையில் கொடுக்கப்பட்ட வேலைக்கு மேல் செய்தது அந்த ஒரு தடவைதான். கீழே இறங்கியதும் ஆண்கள் வரிசையாக வந்து அவர் வாயில் முத்தமிட்டார்கள், தங்களுக்குச் சமமானவரை முத்தமிடுகிற மாதிரி. கால் மடங்காத மனிதர் அழுதுகொண்டே நின்றார்.

அந்த ஏழு மாதமும் எங்கள் ஊர் இருந்த இருப்பை என்ன சொல்ல? வரிக்கென்று ஓட்டிக்கொண்டு போகும் கடாக்கள் எங்களிடமே இருந்தன. வாற்கோதுமை வீட்டுக்குள் வந்து வீட்டிலேயே தங்கியது. பகேனாவின் பிறந்த நாளுக்கு அக்கா ஒரு கடாவை முழுசாக அடுப்பில் வாட்டி, பாதி ஊரைக் கூப்பிட்டு விருந்து வைத்தாள். அவனுக்கு மேலூரில் ஒரு பெண்ணைப் பேசி முடித்தோம். ஊரின் மாகுவான பூர்தகா, கிழ மனிதர், எங்கள் எல்லாருடைய பிறப்புக்கும் சாவுக்கும் நெருப்பின் முன் நின்று மந்திரம் சொன்னவர், அந்தப் பேச்சுக்கும் வந்து பால் ஊற்றி வாழ்த்தினார். அரசர் பர்தியா நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது நாங்கள் சத்தம் போட்டே சேர்ந்து சொன்னோம். அதற்கு முன்னால் எந்த அரசருக்கும் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கம்பூஜியா எகிப்திலிருந்து வரும் வழியிலேயே இறந்துபோனார் என்று கேள்விப்பட்டபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு அரசர் இருந்தார்.

இலையுதிர் காலத்தில் வேறொரு தூதன் வந்தான். கூடவே ஈட்டிக்காரர்களும் வந்தார்கள். அவன் குதிரையிலிருந்து இறங்கவே இல்லை. அத்தானை வெளியே வரச்சொல்லி, குதிரைமேல் இருந்தபடியே சேதியைச் சொன்னான். பகேனாவும் நானும் வைக்கோலை ஏற்றிக்கொண்டு அங்கேதான் இருந்தோம்.

பர்தியா என்று இத்தனை நாள் ஆண்டவன் பர்தியா இல்லை. உண்மையான பர்தியாவை அவருடைய அண்ணனே முன்பு ரகசியமாகக் கொன்றுவிட்டார். ஆண்டது கௌமாதா என்கிற ஒரு மாகு. அவன் பொய் சொன்னான். அவனைக் கொன்றாகிவிட்டது. இப்போது அரசர் தாரயவௌஷ்.

அத்தான் முதல் தடவையாக ஒரு சேதியைத் திருப்பிச் சொல்லத் தடுமாறினார். "மறுபடி சொல்லுங்க" என்றார். தூதன் சொன்னான். அத்தான் மெதுவாக, "அந்த மூணு வருஷம்?" என்று கேட்டார்.

"எந்த மூணு வருஷம்?"

"வரி இல்லன்னு, ஆள் இல்லன்னு சொன்னது."

"அதைப் பத்தி எனக்கு ஒண்ணும் சொல்லி அனுப்பல. நான் சொன்னதை நீ சொல்லு" என்றான் தூதன்.

அத்தான் போய்ச் சொன்னார். அதே பாறை, அதே தெளிவு. கூட்டத்தில் மாகு பூர்தகாவும் ஊன்றுகோலோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு மாகு பொய் சொன்னான்" என்ற இடத்தில் பலரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் ஏதோ தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்த குழந்தை மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். அப்போது அந்தக் கம்பளிக் கிழவி கேட்டாள்: "ஏழு மாசமா நாங்க யாரை வாழ்த்திக்கிட்டு இருந்தோம் அர்தூகா?" அத்தான் பாறையிலிருந்து இறங்கிப் போனார். சொன்னது அவ்வளவுதான் என்றுகூடச் சொல்லவில்லை.

பொழுது சாய்வதற்குள் பூர்தகாவை அடித்துக் கொன்றுவிட்டார்கள். ஈட்டிக்காரர்கள் இல்லை; எங்கள் ஊர்ப் பையன்கள்தான், அவரே பெயர் சூட்டிய பையன்கள். வாதுமை மரங்களுக்குக் கீழே, அவருடைய ஊன்றுகோலாலேயே. ஏழு மாதம் கையில் இருந்த சந்தோஷத்தை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கியவனை அவர்களால் தொட முடியாது, இந்தக் கிழவரைத் தொட முடிந்தது. பகேனா குறுக்கே விழுந்து தடுத்திருக்கிறான். அவனுக்கும் மண்டை உடைந்தது. நான் அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அக்கா காயத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அத்தான் எதிரே உட்கார்ந்து, "அவரை அடின்னு நான் சொல்லலையேடா" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

"நீங்க சொல்லலப்பா" என்றான் பகேனா. "ஆனா நீங்க சொன்னா ஊரு நம்பும்."

அதற்குப் பிறகு குளிர் வந்தது. வரிக்காரர்கள், விட்டுப்போன ஏழு மாதத்துக்கும் சேர்த்துக் கேட்பார்கள் என்று பேச்சு அடிபட்டது. வசந்தத்தில் புதிய அரசருக்கு ஆள் எடுப்பார்கள் என்றும் சொன்னார்கள். இப்படி எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்த நேரத்தில்தான் தெற்கே தாரவா பக்கத்தில் ஒருவர் புதிய அரசரை எதிர்த்து எழுந்திருக்கிறார் என்ற சேதி வந்தது. இதைக் கொம்பு ஊதி யாரும் சொல்லவில்லை. உப்பு விற்கிறவர்களும் கம்பளி வாங்குகிறவர்களும் வாய்க்கு வாய் கொண்டுவந்தார்கள். "நான்தான் பர்தியா, குருஷின் மகன், சாகவில்லை" என்று அவர் சொல்லுகிறாராம். பார்சா நாட்டின் படையே அவர் பக்கம் போய்விட்டதாம்.

ஊர் இளவட்டங்கள் ஒன்றுகூடிக் குடித்தார்கள். போவது என்று முடிவெடுத்தார்கள். குடித்துவிட்டு எடுத்த முடிவை மறுநாள் தெளிந்த பிறகு இன்னொரு தடவை பேசிப் பார்ப்பது எங்கள் வழக்கம். காலையில் தலைவலியோடு கூடியபோது பாதிப் பேர் பின்வாங்கினார்கள். பகேனா பின்வாங்கவில்லை. அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னான். நானும் அங்கே இருந்தேன். அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் முதலில் படையைப் பற்றிப் பேசினார். புதிய அரசரோடு இருக்கிற ஆட்கள் போரில் பழகினவர்கள், நீங்கள் ஆடு மேய்க்கிறவர்கள் என்றார். பகேனா பொறுமையாகக் கேட்டான்.

"அப்பா, வசந்தத்துல நீங்க அந்தப் பாறை மேல நின்னு பர்தியாதான் ராஜான்னு சொன்னீங்க. மூணு தடவை சொன்னீங்க. நான் நம்பினேன். அப்புறம் வந்து அது பர்தியாவே இல்லன்னு சொன்னீங்க. ரெண்டுல ஒண்ணு பொய். எது பொய்னு நீங்க சொல்லுங்க, நான் போகல."

அத்தான் தன் மடங்காத காலைப் பிடித்து நீட்டி வைத்தார். பிறகு, "எனக்குத் தெரியாதுடா" என்றார்.

"தெரியாம எப்படிக் கூவினீங்க?"

அக்கா எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "தெரியும்னு சொல்லுங்க. செத்தவன் மாகுதான், உண்மையான பர்தியா எப்பவோ போயிட்டாருன்னு சொல்லுங்க. எனக்கு நல்லாத் தெரியும்னு சொல்லுங்களேன். ஒரே ஒரு தடவை. அவன் உங்களை நம்புவான்."

அத்தான் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. அவர் தன் வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகவில்லை. எவ்வளவோ பேர் நினைத்த நேரத்தில் செய்கிற காரியம் அது; அந்த மனிதருக்கு வரவில்லை. கடைசியில், "எனக்குத் தெரியாது அபாமா. தெரியாததைத் தெரியும்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

பகேனா குனிந்து அவர் கையை முத்தமிட்டான். கோபத்தில் போகவில்லை அவன். அப்பா பொய் சொல்லவில்லை என்பதில் அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. மேலூர்ப் பெண்ணிடம் வசந்தத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அதை அவன் நம்பித்தான் சொன்னான்.

வசந்தத்தில் ரகாவில் சண்டை நடந்து அந்தப் பர்தியாவின் படை தோற்றது. மிச்சமிருந்தவர்கள் ஓடி, மறுபடி ஆள் சேர்த்து, கோடையில் பர்கா மலையடியில் நின்றார்கள். அங்கே முடிந்தது. பிடிபட்ட அந்தப் பர்தியாவையும் அவருக்கு முக்கியமானவர்களையும் கழுவில் ஏற்றினார்கள் என்று சேதி வந்தது. அதைக் கூவ வேண்டிய வேலை அத்தானுக்கு. கூவினார். அப்போது பகேனா செத்தானா இருக்கிறானா என்பது எங்களுக்குத் தெரியாது. அக்கா கூட்டத்தின் முன் வரிசையில் நின்று, பெயர்கள் முடியும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பெயர் அதில் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சில நாளில் கோட்டையிலிருந்து ஆள் வந்தது. அந்தந்த ஊர்க் கைதிகளை அந்தந்தப் பக்கத்திலேயே, சொந்த ஜனங்கள் பார்க்கத் தண்டிக்கப்போகிறார்கள். ஊர்க்காரர்கள் எல்லாரும் கோட்டைக்குக் கீழே இருக்கிற மைதானத்துக்கு வர வேண்டும். கட்டியக்காரரும் வர வேண்டும்.

காலையில் போய்ச் சேர்ந்தோம். கழுமரங்களை நட்டுவைத்திருந்தார்கள். கைதிகள் ஒரு கயிற்றில் வரிசையாக நின்றார்கள். எங்கள் ஊரைச் சேர்ந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். கடைசியில் பகேனா. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான், இப்படிப் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில். அக்காவைப் பெண்கள் சுற்றி நின்று பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

படைத்தலைவன் அத்தானைக் கூடாரத்துக்குள் கூப்பிட்டான். நொண்டுகிறவருக்குத் துணையாக நானும் உள்ளே போனேன். தலைவன் நடுவயதுக்காரன், களைத்த முகம், கத்திப் பேசுகிறவன் இல்லை. ஒவ்வொரு கைதியையும் முன்னால் கொண்டுவரும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தான். இவன் இன்னார். இவன் பொய் சொன்னான். பொய்யனைப் பர்தியா என்றான். எல்லாருக்கும் இதே சொற்கள்தான், பெயர் மட்டும் மாறும்.

அத்தான், "கடைசியில நிக்கிறவன் என் மகன்" என்றார்.

தலைவனுக்கு அது தெரியாது போலிருக்கிறது. கூடாரத் திரையை விலக்கி வரிசையின் கடைசியைப் பார்த்தான். "என்னால அவனை விட முடியாது" என்றான்.

"தெரியும்."

"நீ கூவலன்னா நான் வேற ஆளை வெச்சுக் கூவச் சொல்லுவேன். ஆனா இந்த ஜனம் உன் வாயைத்தான் நம்பும்னு சொல்றாங்க. அதனால கேக்கறேன். எல்லாருக்கும் சொல்ற மாதிரியே உன் பிள்ளைக்கும் சொல்லிடு. குரல் இறங்காம, முழுசா. நான் அவனைக் கழுவுல ஏத்த மாட்டேன். முதல்லயே வாளால முடிச்சுடறேன். ஒரே வெட்டு. வலி இருக்காது."

கழுவில் ஏறியவர்கள் எவ்வளவு நேரம் உயிரோடு இருப்பார்கள் என்பது பாபிலோன் வரைக்கும் போய்வந்த அத்தானுக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். வெளியே அக்காவின் அழுகை கேட்டது. "சரி" என்றார் அத்தான்.

ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். அத்தான் கொம்பு ஊதினார், சொன்னார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கடைசியில் பகேனாவைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தினார்கள். இப்போதுதான் பகேனா அப்பாவை நேராகப் பார்த்தான். அந்த ஒரு கண்ணில் பயம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கிற பிள்ளையின் கண்ணாக இருந்தது.

"இவன் பகேனா" என்றார் அத்தான். "இவன் பொய் சொன்னான். பொய்யனைப் பர்தியா என்றான்."

மைதானத்தின் கடைசிவரை கேட்டது. மலைச்சரிவில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பகேனா மெதுவாக, "இல்லப்பா" என்றான். அவ்வளவுதான். கெஞ்சவில்லை; பிசகாகச் சொன்னதைத் திருத்துகிற மாதிரி சொன்னான். தலைவன் தன் வாக்கைக் காப்பாற்றினான். ஒரே வெட்டு.

உடலைக் கொடுத்தார்கள். எங்கள் வழக்கப்படி மெழுகு பூசி ஊர்ப் புறத்தில் புதைத்தோம். மந்திரம் சொல்ல மாகு யாரும் இல்லை.

அக்கா அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்தாள். மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்து, "உள்ளே என்ன பேசினாங்க?" என்று கேட்டாள். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். தலைவன் கேட்டது, வாள், கழு, அத்தான் என்னைப் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். இதைக் கேட்டால் அவள் மனம் இளகும் என்று நினைத்தேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"நான் அப்பவே நெனச்சேன். இப்படி ஏதோ இருக்கும்னு" என்றாள். "அன்னைக்கு நான் கெஞ்சினப்ப அவருக்கு ஒரு பொய் வரல. வந்திருந்தா பிள்ளை ஆடு மேச்சுக்கிட்டு இருந்திருப்பான். இன்னைக்கு வந்துச்சு."

"அவன் வலியில்லாமப் போகணும்னுதான் அக்கா."

"தெரியுது. நான் அங்க நின்னிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்." கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "ஆனா அவன் காதுல கடைசியா விழுந்தது அதுதானேடா" என்றாள்.

அதற்கு மேல் அவள் அத்தானைப் பற்றி என்னிடம் பேசவில்லை. அவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. மேலூர்ப் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு அக்கா போய், ஒரு கம்பளியைக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டாள்.

அரசர் தாரயவௌஷின் ஆட்சி ஓங்கி நடந்தது. நாடு நாடாக அடக்கினார், சாலை போட்டார், மலைமேல் கல்லில் தன் வெற்றிகளை வெட்டிவைத்தார் என்று சொன்னார்கள். அந்தக் கல்லில் இருப்பதை எல்லா ஊரிலும் சொல்ல வேண்டும் என்று தூதர்கள் வந்தார்கள். யார் யார் பொய் சொன்னார்கள், யார் யாரைப் பிடித்தேன், எங்கே கழுவேற்றினேன் என்று நீளமான சேதி. அத்தான் கண்ணை மூடிக் கேட்டு, ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். அந்த வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் கெஞ்சினேன். "வேற எவனாவது வந்து சொல்லுவான் மச்சான். சேதி ஒண்ணும் மாறாது" என்றார்.

மாகு கௌமாதாவைக் கொன்ற நாளை ஒவ்வொரு வருஷமும் கொண்டாட வேண்டும் என்றானது. அன்றைக்கு மாகுக்கள் வெளியே தலைகாட்டக் கூடாது. எங்கள் ஊரில் மாகு யாரும் கிடையாது, இருந்தாலும் அத்தான் போய்க் கூவிவிட்டு வருவார். வரவர கூட்டம் வருவது குறைந்தது. வந்தவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் இறங்கி வரும்போது வழியை விட்டு ஒதுங்கினார்கள். கன்னத்தில்கூட யாரும் முத்தமிடவில்லை. அவரை வெறுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, அதை நம்புவதா வேண்டாமா என்றுகூட யோசிக்காமல் வீட்டுக்குப் போனார்கள். வரி கேட்டால் கொடுத்தார்கள். ஆள் கேட்டால் அனுப்பினார்கள்.

ஒரு தடவை, பல வருஷம் கழித்து, அவருக்குப் புளித்த பாலும் ரொட்டியும் கொண்டுபோயிருந்தேன். சுவரில் சாய்ந்துகொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று பேச ஆரம்பித்தார்.

"செத்தது நெசமான பர்தியாவா, அந்த மாகுவான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது மச்சான். நான் யாரையும் பார்த்ததில்ல. ரெண்டு தடவையும் எனக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். அதுக்காக எனக்கு வருத்தம் இல்ல." பிறகு ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆனா பகேனாவைப் பத்தி எனக்குத் தெரியும். அவன் பொய் சொல்லல. எனக்கு நல்லாத் தெரிஞ்சு, நான் மாத்திச் சொன்னது அது ஒண்ணுதான்."

அக்காவிடம் போய் இதைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அந்தக் குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசி வாரம் குரல் சுத்தமாகப் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் கையால்தான் காட்டினார். இறந்த அன்று நான் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். வருவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, உள்ளே வராமல், கட்டிலைப் பார்த்தாள்.

"எதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

குரலே இல்லை, எதுவும் சொல்லவில்லை என்றேன். அன்றைக்கு அவர் வெயிலில் உட்கார்ந்து சொன்னது வாய் வரைக்கும் வந்தது. அவர் வேண்டாம் என்று தலையாட்டியிருந்தாரே என்று விழுங்கிவிட்டேன். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, பனி விழ ஆரம்பித்துவிட்டது, ஆடுகள் வெளியே நிற்கின்றன என்று சொல்லிவிட்டு, கம்பளியைத் தலையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்து போனாள். அவர் உடலில் பூச வேண்டிய மெழுகை உருக்க நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.